தலவாக்கலை சென். கிளயர் நீர்வீழ்ச்சியும் தோட்டத்துப் பாதைகளும்: ஓகஸ்ட் லீவில் திருகோணமலையிலிருந்து போகலாமா?

நிலாவெளியான்

வணக்கம் உறவுகளே. ஓகஸ்ட் லீவில் பிள்ளைகளை மலைநாட்டுக்குக் கூட்டிப்போக எண்ணம். நுவரெலியா பூங்கா, படகு, குதிரை எல்லாம் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. போய்வந்த சொந்தக்காரர் எல்லோரும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். சின்ன டவுன், பக்கத்தில் ஒரு நீர்வீழ்ச்சி, காலாற நடக்கப் பாதை, இவ்வளவும் இருந்தால் போதும்.

தலவாக்கலை சென். கிளயர் நல்லது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், "அணை கட்டின பிறகு அங்கே என்ன இருக்கு, வெறும் பாறை" என்கிறார். எதை நம்புவது? அம்மாவும் வருகிறார், முழங்கால் வலிக்காரர். பிள்ளைகளுக்குப் பத்தும் ஏழும் வயது. அருவியில் குளிக்கலாமா என்பது மட்டும்தான் அவர்களுடைய கேள்வி. வான் பிடித்துத்தான் போவோம்.

கடற்கரைக் காகம்

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலுக்கே மோட்டார் சைக்கிளில் போகிற ஆள் காலாற நடக்கப் போகிறாராம். படம் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

கிண்ணியா நானா

தம்பி, நான் சீசனுக்கு வான் ஓட்டுகிறவன், சொல்கிறேன் கேளுங்கள். தலவாக்கலைக்குப் போகிற நேரம் எல்லவுக்குப் போய்விடலாம். மகியங்கனை, பதுளை வழியாக இறங்கினால் எல்ல. ராவணன் நீர்வீழ்ச்சி ரோட்டோரத்திலேயே விழுகிறது, வானை விட்டு இறங்கினால் முகத்தில் தூவானம் அடிக்கும். கோணேசர் கோயில் பக்கம் ராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதே ராவணன் பேரில் ஒரு அருவி. சின்னச் சிவனொளிபாதம் என்கிற மலை 1,141 மீட்டர், ஆனால் ஏற்றம் சுகம், சின்னப் பிள்ளைகளும் ஏறும். 1921இல் கட்டின ஒன்பது வளைவுப் பாலமும் பக்கத்தில். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

நிலாவெளியான்

நானா, எல்லவில் சனம் எப்படி? அதுதான் பயம்.

கிண்ணியா நானா

சனம் இருக்கும்தான். வெள்ளைக்காரன் பாதி, கொழும்பான் பாதி. பாலத்தில் ரயில் வருகிற நேரம் நிற்க இடம் இருக்காது. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

பத்தனை டீச்சர்

அப்படியென்றால் நிலாவெளியான் கேட்ட "சின்ன டவுன்" அது இல்லையே, நானா.

நான் திருமலை உவர்மலைக்காரி. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்தவள். சென். கிளயரும் டெவன் என்ற இன்னொரு அருவியும் எங்களுக்கு பஸ் ஜன்னலில் தினமும் வருகிற காட்சி. ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு வரும் ரோட்டில் கொட்டகலை, பத்தனை தாண்டி முதலில் டெவன். டவுனுக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் முன்னால். 97 மீட்டர் உயரம், ஒடுக்கமாக விழும், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும். இன்னும் மூன்று கிலோமீட்டர் வந்தால் சென். கிளயர். இது அகலம். பெரிய வீழ்ச்சி 80 மீட்டர் உயரம், அதற்கு உடனே கீழே சின்னது ஒன்று. பாறை படி படியாக இருப்பதால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக விழாது, ஒவ்வொரு படியிலும் விரிந்து விரிந்து இறங்கும். இரண்டுக்கும் ரோட்டோரத்திலேயே பார்க்கும் இடம் உண்டு. அம்மா வானை விட்டு இறங்கி ஒரு கதிரையில் இருந்தே முழுசாகப் பார்க்கலாம், படி ஏற வேண்டிய அவசியமே இல்லை.

வெறும் பாறை என்றவர் எந்த மாதம் போனார் என்று கேளுங்கள். மாசி, பங்குனியில் போயிருந்தால் அவர் கண்டது உண்மையாகத்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற மின்னூழியன்

டீச்சர் சொன்னது பாதி. மீதியை நான் சொல்கிறேன்.

அருவிக்கு மேலே தலவாக்கலை டவுனை ஒட்டி மேல் கொத்மலை அணை இருக்கிறது. 2012இல் மின் உற்பத்தி தொடங்கிய 150 மெகாவாட் நீர்மின் திட்டம். தண்ணீர் அணையில் மறிக்கப்பட்டுச் சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியாகக் கீழே உள்ள மின் நிலையத்துக்குப் போகிறது. சென். கிளயர் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதாவது அருவியில் விழ வேண்டிய தண்ணீர் மலைக்குள்ளால் சுற்றிப் போய்விடுகிறது. இதனால்தான் வருடக்கணக்காக எதிர்ப்பு நடந்தது. அந்த எதிர்ப்பின் பலன், பகல் வேளையில் அருவிக்கென்று ஓரளவு தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனை. ஆகவே பகலில் அருவி இருக்கும், ஆனால் அணைக்கு முந்திய அருவி அல்ல.

மழை கனத்து நீர்த்தேக்கம் நிரம்பினால் மிஞ்சும் நீரை வெளியே விடும் வான்கதவைத் திறப்பார்கள். அப்போதுதான் பழைய சென். கிளயரைக் காணலாம். வானொலிச் செய்தியில் "மேல் கொத்மலை வான்கதவு திறப்பு, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானம்" என்று கேட்டிருப்பீர்களே, அந்த நாள்தான். டெவன் வேறு கிளையில் விழுவது, இந்த அணைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நான் மின்சாரத்தில் சோறு தின்றவன். மேலே இருந்து விழும் தண்ணீர் எனக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். இருந்தாலும் அந்த அருவியைப் பழைய கோலத்தில் பார்த்தவன் என்ற முறையில், இப்போது அதைக் கடந்து போகும்போது மறுபக்கம்தான் பார்ப்பேன்.

கடற்கரைக் காகம்

ஐயா, கரண்ட் கட் நேரத்தில் இந்தப் பக்கமும் பார்க்கலாம், அந்தப் பக்கமும் பார்க்கலாம், ஒன்றும் தெரியாது.

நிலாவெளியான்

அப்போ ஓகஸ்டில் தண்ணீர் இருக்குமா இருக்காதா? இங்கே ஓகஸ்டில் கிணறே வற்றுகிறது.

பத்தனை டீச்சர்

அதுதான் விஷயமே. நம் கணக்கை அங்கே போடக் கூடாது. நமக்கு மழை ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை, வாடைக் காற்றோடு வருவது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் அடித்துப் புல்லும் கருகும். அந்தக் கச்சான் எங்கிருந்து வருகிறது? தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வரும் அதே காற்றுதான். மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையை அங்கேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சூடாக இறங்குகிறது. நாங்கள் இங்கே விசிறியைத் தேடும் நாளில் தலவாக்கலைக்காரர் குடை பிடித்துக்கொண்டு கொழுந்து பறிப்பார்கள். படிக்கும் காலத்தில் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தால் அம்மா வெயிலைத் திட்டுவார், நான் காயாத உடுப்பைத் திட்டுவேன்.

ஆகவே ஓகஸ்டில் அருவியில் தண்ணீர் இருக்கும். ஜூன், ஜூலை அளவுக்குக் கொட்டாது, அதுவும் உங்களுக்கு நல்லதுதான். முழு மழையில் போனால் அருவி மூடுபனிக்குள் சத்தமாக மட்டும் இருக்கும், பார்க்க ஒன்றும் இராது. தை, மாசியில் வானம் பளிச்சென்று இருக்கும், தண்ணீர் நூலாக இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கிடைக்காது. ஓகஸ்ட் கடைசி ஓரளவு சமாளிக்கலாம்.

ஆனால் காலையில் போங்கள். பதினொரு மணிக்குப் பிறகு பனி எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. ஏறிவிட்டால் முன்னால் போகிற பஸ்ஸே தெரியாது.

திருமலை மருமகன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கொட்டகலை பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், கல்யாணம் கட்டி இப்போது நிலாவெளியில் ஹோட்டல் வேலை. அதனால்தான் இந்தப் பேர். ஓகஸ்ட் எங்களுக்கு இங்கே சீசன், லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது. நீங்கள் போவதைப் படித்தாவது ஆறுதல் அடைகிறேன் அண்ணே.

நடக்கிற பாதை பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்தில் இரண்டு வகை வழி இருக்கிறது. ஒன்று, கொழுந்து லொறி போகிற ரோடு. மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறும், தூரம் அதிகம், மூச்சு வாங்காது. உங்கள் அம்மாவும் கொஞ்சத் தூரம் வரலாம். இன்னொன்று, கொழுந்து எடுக்கிறவங்க ஏறி இறங்குகிற குறுக்கு வழி. தேயிலை வரிசைக்கு நடுவில் மண்ணை வெட்டிப் படி போட்டிருப்பாங்க. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது பாதி, அதற்கடுத்தது மழையில் கரைந்து போயிருக்கும். தேயிலைச் செடி பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் வழுக்கினால் பிடிக்கிற கையைக் கவ்வாத்து வெட்டின குச்சி கிழித்துவிடும். இருபது கிலோ முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் அம்மா அதில் இறங்கினாங்க. செருப்புப் போட்டுக்கொண்டு செல்பி எடுக்கிற இடம் இல்லை.

அந்த லொறி ரோடுகள் வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்தும் பெட்டியும் கொண்டுபோகப் போட்டவை. இப்போது அவற்றை இணைத்துத்தான் பீகோ ட்ரெயில் என்று நீண்ட நடைபாதை அமைத்திருக்கிறாங்க. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது, 22 பகுதிகள், 300 கிலோமீட்டருக்கு மேல். வட்டகொடை, கொட்டகலைப் பக்கமும் வருகிறது. முழுப் பகுதியும் நடக்க வேண்டாம். பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் போய்த் திரும்பினால் போதும்.

நிலாவெளியான்

இதுதான் வேண்டும். யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? தோட்டத்துக்குள் நுழைந்தால் விரட்டுவார்களா?

திருமலை மருமகன்

அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அண்ணே. சில தோட்டத்தில் கேட் இருக்கும், காவல்காரர் இருப்பார், கேட்டுவிட்டுப் போங்க. சில இடத்தில் லயத்து வரிசை வீட்டுச் சனம் டவுனுக்குப் போகிற ஒரே வழியே அதுதான், யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. எதுவாக இருந்தாலும் எதிரில் வருகிறவங்களிடம் ஒரு வார்த்தை பேசுங்க. தமிழில் பேசினதும் முகமே மாறிவிடும். "எந்த ஊரு? திருகோணமலையா? கோணேசர் கோயிலுக்கு வந்திருக்கோமே" என்பாங்க. அப்புறம் உங்களை வழி தவற விடமாட்டாங்க.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொழுந்து எடுக்கிறவங்களைக் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். அது அவங்க வேலை நேரம். மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற நேரம் பாருங்க, தராசு முள் மீது எல்லார் கண்ணும் இருக்கும். சாக்கு எடைக்கு, ஈர எடைக்கு என்று கழிப்பாங்க, அந்தக் கழிவில்தான் அன்றைய சம்பளம் நிற்கும். அந்த இடத்தில் போய் "இங்கே பாருங்க, சிரிங்க" என்று ஒருவர் கமெராவை நீட்டினால் எப்படி இருக்கும்? என் அக்காவை அப்படி எத்தனையோ பேர் எடுத்திருக்கிறாங்க. ஒரு படம்கூட வீட்டுக்கு வந்ததில்லை.

பத்தனை டீச்சர்

நூறு வீதம். நாங்கள் மாணவிகளாக இருந்தபோது இது எங்களுக்கும் உறைக்கவில்லை.

கிண்ணியா நானா

சரி, தலவாக்கலைதான் என்றால் வழி சொல்கிறேன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வெளிக்கிட்டால் கண்டியில் பத்து மணி போல நிற்கலாம். அங்கிருந்து இரண்டு வழி. கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன் என்று போனால் டெவன், சென். கிளயர் இரண்டும் வழியிலேயே வரும். மற்றது கம்பளை, புசல்லாவை போய்த் தவலந்தென்னையில் பிரிந்து பூண்டுலோயா வழியாக ஏறுவது. அது ஒடுக்கமான ரோடு, வளைவு அதிகம், வயிறு பிரட்டுகிற பிள்ளை இருந்தால் வேண்டாம். ஹட்டன் வழியே வாருங்கள். வெள்ளிக்கிழமையானால் நான் ஹட்டனில் ஜும்ஆத் தொழுகைக்கு நிறுத்துவேன், அந்த நேரத்தில் நீங்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கே அருவி பார்க்க ஆசைப்படாதீர்கள். டீச்சர் சொன்ன மாதிரிப் பின்னேரம் பனி ஏறிவிடும். இரவு தங்கி மறுநாள் விடிய ஏழு மணிக்கு சென். கிளயர் முன்னால் நிற்க வேண்டும்.

சாம்பல்தீவு அக்கா

தங்குவதற்கு இடம் பார்க்கும்போது சுடுதண்ணீர் உண்டா என்று மட்டும் கேட்காமல், எத்தனை மணி வரைக்கும் உண்டு என்றும் கேளுங்கள். நாங்கள் தங்கின இடம் (பேர் வேண்டாம்) விளம்பரத்தில் சுடுதண்ணீர் போட்டிருந்தது. இரவு எட்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் ஐஸ். கேட்டதற்கு "சோலார் மேடம், வெயில் இல்லையே" என்றார்கள். தலவாக்கலை 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு வைத்திருக்கிற ஊரிலிருந்து போய்ச் சுடுதண்ணீருக்கு அழுதோம்.

நிலாவெளியான்

குளிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற மின்னூழியன்

வேண்டாம். சென். கிளயர் அடியில் இறங்கவே வேண்டாம். பாறை பாசி பிடித்தது, அடியில் சுழி. அதைவிடப் பெரிய காரணம் அணை. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், மேலே நானுஓயாப் பக்கம் மழை கொட்டியிருக்கும். கதவு திறந்தால் ஆற்றில் நீர் நிமிஷத்தில் ஏறும். எச்சரிக்கை விடுவார்கள்தான், ஆனால் அருவிச் சத்தத்துக்கு நடுவில் நிற்கிறவனுக்கு எது கேட்கும்? எல்லவிலும் இதே கதைதான். ராவணன் அருவியில் வழுக்கி விழுந்து போன உயிர்கள் கொஞ்சமல்ல.

கிண்ணியா நானா

உண்மை. அங்கே குளிக்க இறங்கும் பிள்ளைகளைப் பார்த்து நான் சத்தம் போட்டதுண்டு. கேட்டால்தானே.

கடற்கரைக் காகம்

கடல் வாசலில் இருக்கிற பிள்ளைகளுக்கு மலையில் குளிப்பாட்டா? திரும்பி வரும்போது கன்னியாவில் இறக்கி வாளியால் ஊற்றுங்கள், முடிந்தது.

திருமலை மருமகன்

குளிப்பதற்குப் பதில் அவங்களுக்கு வேறு இருக்கு அண்ணே. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கேட்டுப்பார்த்துக் காட்டுங்க. கொழுந்து வாட்டுகிற மாடியில் ஏறினால் வரும் வாசனை, பச்சை இலையும் இல்லை, குடிக்கிற தேத்தண்ணியும் இல்லை, நடுவில் ஒன்று. எனக்கு இங்கே கடல் காற்றில் எல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் மறக்கவில்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தலவாக்கலையில்தான், சென். கூம்ப்ஸ் தோட்டத்தில். 1925இல் தொடங்கினது. பத்து வயதுப் பிள்ளைக்கு வெளியே நின்று சொல்லவாவது ஒரு கதை.

ரயில் ஓடுகிற நாளாக இருந்தால் ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை பிள்ளைகளை ரயிலில் ஏற்றிவிடுங்க, வான் ரோட்டில் வரட்டும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் வரும், இலங்கை ரயில் பாதையிலேயே நீளமானது, 562 மீட்டர். பெட்டி முழுக்கப் பிள்ளைகள் ஊ என்று கத்துவாங்க. நாங்களும் கத்தினோம், எங்கள் பிள்ளைகளும் கத்துதுகள். மண்சரிவால் பாதை அடிக்கடி அடைபடும், அதனால் முதல் நாள் ஸ்டேஷனில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்க.

சாம்பல்தீவு அக்கா

அட்டை! யாரும் அட்டையைச் சொல்லவில்லை! என் மகள் காலில் ஏறினதைப் பார்த்துக் கத்தின கத்தலில் முழுத் தோட்டமும் திரும்பிப் பார்த்தது.

திருமலை மருமகன்

அக்கா, அட்டைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. லொறி ரோட்டின் நடுவில் நடந்தால் பெரும்பாலும் வராது, ஓரப் புல்லில்தான் காத்திருக்கும். நீளக் காலுறை போட்டு அதன் மேல் சவுக்காரத்தை ஈரமாக்கித் தேய்த்துவிடுங்க. எங்கள் ஆட்கள் ஒரு குச்சி முனையில் சீலைத் துண்டில் உப்பைக் கட்டி வைத்திருப்பாங்க, அட்டை ஏறினால் அதால் ஒரு தொடல், விழுந்துவிடும். பிடித்து இழுக்க வேண்டாம், கடிவாய் புண்ணாகும். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் இரத்தம் வரும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவாங்க. கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பத்தனை டீச்சர்

இன்னொன்று, இது முக்கியம். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. நுவரெலியா மாவட்டத்தில் நீங்கள் போகிற பிரிவுக்கு மஞ்சள் வந்தாலே நடைபாதையை விட்டுவிடுங்கள், ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். செம்மஞ்சள் என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். வான்கதவு திறந்த நாளில் அருவி அழகுதான், ஐயா சொன்னது சரி. ஆனால் அதே மழைதான் மேட்டையும் கரைக்கிறது. அந்த அழகைப் பார்க்கத் திருமலையிலிருந்து பிள்ளைகளோடு ஓட வேண்டாம்.

ஓய்வுபெற்ற மின்னூழியன்

ஒத்துக்கொள்கிறேன். வான்கதவு நாளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளட்டும்.

திருமலை மருமகன்

குப்பை விஷயமும் ஒரு சொல். சோற்றுப் பார்சல் தாளை அருவி பார்க்கும் இடத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டுப் போகிறாங்க. அது விழுவது யாரோ கொழுந்து எடுக்கிற மலையில்.

கடற்கரைக் காகம்

நிலாவெளிக் கடற்கரையில் நாம் தினமும் பொறுக்குவதும் அதே தாள்தான், மாப்பிள்ளை. அங்கேயிருந்து வருகிற வான்களும் சளைத்தவை அல்ல.

திருமலை மருமகன்

அதுவும் சரிதான். எங்கள் ஹோட்டல் வாசலில் நானே பொறுக்கியிருக்கிறேன், எங்கள் ஊர் வான் பேரைப் பார்த்துக்கொண்டே.

நிலாவெளியான்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடித்தது இதுதான். ஓகஸ்ட் கடைசிக் கிழமை, நானாவின் வான், ஹட்டன் வழி. முதல் இரவு தலவாக்கலையில். மறுநாள் விடிய சென். கிளயர், பிறகு வந்த வழியே திரும்பி டெவன். அங்கே அம்மா தேத்தண்ணியோடு இருக்க, நாங்கள் கொட்டகலைப் பக்கம் லொறி ரோட்டில் ஒரு மணித்தியாலம். மத்தியானத்துக்குள் ரோட்டுக்கு வந்துவிடுவோம். குளிப்பு கன்னியாவில். சின்னவன் இன்னும் சம்மதிக்கவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது.

மருமகன், உங்கள் தோட்டம் எது என்று தனிமடலில் போடுங்கள். வழியில்தான் என்றால் உங்கள் அம்மாவுக்குக் கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

திருமலை மருமகன்

போட்டுவிட்டேன் அண்ணே. கருவாடு என்றால் அம்மா சாப்பிடாமல் உங்களை விடமாட்டாங்க, அதற்கும் நேரம் ஒதுக்குங்க. பாரைக் கருவாடு என்றால் அவங்களுக்கு உயிர்.

பத்தனை டீச்சர்

டெவன் பக்கம் வானை வளைவில் நிறுத்த வேண்டாம், நானா. ஹட்டன் பஸ் அந்த இடத்தில் வேகம் குறைக்காது. கொஞ்சம் தள்ளி அகலமான இடம் உண்டு. அம்மாவுக்கு சுவெட்டரோடு காலுறை இரண்டு சோடி வையுங்கள்.

கிண்ணியா நானா

தெரியும் டீச்சர். அந்த வளைவில் நான் ஹோர்ன் அடித்தே பழகினவன்.

கடற்கரைக் காகம்

வானில் ஒரு சீட் மிச்சமா?

நிலாவெளியான்

பின் சீட், கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில். வாறீங்களா?